முடிவிலா அடுக்கு

மாணவர்களே! கள்ளக்குறிச்சியினின்று கச்சிராயபாளையம் வழியாக வெள்ளிமலைக்குச் செல்லும் பாதையில் நின்று நோக்குங்கள். ஒரு தொடரின் பின் மற்றொரு தொடர், அதன் பின் இன்னுமொன்று எனக் கல்வராயன் மலை அடுக்கடுக்காய்த் தோன்றும். அவ்வடுக்குகள் எண்ணிவிடத் தக்கன. அவை முடிவின்றியே சென்றால் என்னாகும்? முன்னே நிற்கும் ஒரு தொடரை நீக்கினும், எஞ்சிய காட்சி முன்போலவே முடிவின்றி நிற்கும் அன்றோ? இவ்வெண்ணம் ஒன்றைத் துணைக்கொண்டே ஒரு கணக்கை விடுவிக்கப் போகிறோம். தமிழாசிரியனுக்குக் கணக்கில் என்ன வேலை என்று நகையாதீர்கள். எண்ணையும் எழுத்தையும் இரு கண்களாகப் போற்றியவர் நம் முன்னோர்.

கணக்கு இதுதான். 'அ' என்னும் எண்ணின் தலைமேல் அடுக்காக அதே 'அ' எழுதப்பட்டுள்ளது. அதன் தலைமேலும் 'அ', அதன் மேலும் 'அ' என்று கோபுரம் முடிவின்றி உயர்கிறது. கோபுரம் முழுவதன் மதிப்பு 2 எனின், 'அ' யாது?

அடுக்குக்களை மேலிருந்து கீழாகவே கணக்கிடல் வேண்டும். 2-இன் மேல் 3, 3-இன் மேல் 2 எனில், முதலில் 3-இன் வர்க்கம் 9; பின்னர் 2-இன் ஒன்பதாம் அடுக்கு 512. கீழிருந்து தொடங்கினால் 64 என்னும் பிழையான விடையே கிட்டும். ஆனால் நம் கோபுரத்துக்கோ உச்சியே இல்லை! எங்கிருந்து தொடங்குவது?

மலையை நினைவு கொள்ளுங்கள். அடித்தளத்து 'அ'வை மறைத்துவிட்டால், அதன் மேலுள்ளது மீண்டும் அதே முடிவிலாக் கோபுரம். அதன் மதிப்பும் 2. ஆகவே 'அ'வின் இரண்டாம் அடுக்கு 2 ஆகும். எனவே 'அ' என்பது 2-இன் வர்க்கமூலம். அஃதாவது ஏறத்தாழ 1.414.

இவ்வாறு ஒருமுறை கரும்பலகையில் எழுதிக்காட்டிப் பெருமிதத்துடன் நின்றேன். பின்வரிசை மாணவன் ஒருவன் எழுந்து, "ஐயா, மதிப்பு 4 என்றிருந்தால்?" என்றான். "அதே வழிதான், 'அ'வின் நான்காம் அடுக்கு 4, ஆகவே அதன் வர்க்கம் 2, 'அ' என்பது 2-இன் வர்க்கமூலம்" என்று விரைந்து விடையிறுத்தேன். அவன் அமரவில்லை. "ஒரே கோபுரத்துக்கு இரண்டு உயரமா, ஐயா?" என்றான். சுண்ணக்கட்டியைக் கீழே வைத்துவிட்டேன். அன்றிரவு உறக்கம் வரவில்லை.

பிழை எங்கே? கோபுரத்துக்கு 4 என்னும் மதிப்பு உண்டு என்று முதலிலேயே ஒப்புக்கொண்டோமே, அதில்தான். இல்லாத ஒன்றை உண்டெனக் கொண்டு தொடங்கினால், வழி செம்மையாயினும் முடிவு பொய்த்துவிடும். உண்மையை அறியக் கோபுரத்தைக் கட்டியே பார்க்கவேண்டும். 2-இன் வர்க்கமூலத்தைக் கொண்டு ஒரு நிலை கட்டினால் 1.414, இரு நிலைக்கு 1.633, மூன்றுக்கு 1.761, நான்குக்கு 1.841, ஐந்துக்கு 1.893. நிலைதோறும் உயர்கிறது, ஆனால் உயர்வு குறைந்துகொண்டே வருகிறது. 2-ஐ அது ஒருநாளும் தாண்டாது. ஏனெனில், தலைமேல் உள்ள அடுக்கு 2-ஐவிடக் குறைவாயின், வரும் விடையும் 2-ஐவிடக் குறைவே. ஆகவே 2-ஐ நெருங்கி நெருங்கிச் செல்லுமேயன்றி, 4-ஐ எட்டிப்பார்க்கவும் வழியில்லை. அம்மாணவன் கேட்ட கணக்குக்கு விடையே கிடையாது. பதினெட்டாம் நூற்றாண்டில் ஆய்லர் என்னும் பேரறிஞர் இத்தகைய கோபுரங்களை ஆராய்ந்தார். 'அ' ஏறத்தாழ 1.4446-ஐ மிஞ்சினால் கோபுரம் கட்டுக்கடங்காது வளரும். அடங்கி நிற்கும் கோபுரங்களுள் மிக உயர்ந்ததன் மதிப்பு ஏறத்தாழ 2.718.

முடிவிலியோடு விளையாடுவதில் இணையற்ற ஒருவர் நம் பக்கத்திலேயே நடமாடியிருக்கிறார். தென்பெண்ணைக் கரையிலுள்ள திருக்கோவிலூர், மலையமான் ஆண்ட திருக்கோவலூரேதான். இன்று கள்ளக்குறிச்சி மாவட்டத்தைச் சேர்ந்தது. 1910-ஆம் ஆண்டில் அங்கே துணை ஆட்சியராயிருந்த வி. இராமசாமி ஐயரைக் காண ஓர் இளைஞர் வந்தார். கல்லூரித் தேர்வில் தோற்றவர், கையில் பொருளில்லை, எழுத்தர் வேலை ஒன்று கிடைத்தால் போதும் என்பதே அவர் வேண்டுகோள். சான்றாகக் கொணர்ந்தவை கணக்குகள் நிறைந்த குறிப்பேடுகள். ஐயர் இந்தியக் கணிதக் கழகத்தை 1907-இல் நிறுவியவர். ஏடுகளைப் புரட்டினார், வியந்தார். இத்தகையவரை வருவாய்த்துறையின் கீழ்ப்படியில் அமர்த்தி மழுங்கடிக்க மனமின்றி, சென்னையிலுள்ள கணித அறிஞர்களுக்கு அறிமுகக் கடிதம் தந்து அனுப்பினார். கேட்ட வேலையைக் கொடாது மறுத்ததும் ஒரு கொடையே என்பேன். அவ்விளைஞர்தாம் சீனிவாச இராமானுசன்.

மறு ஆண்டு, 1911-இல், அக்கழகத்தின் இதழில் இராமானுசன் ஒரு வினா விடுத்தார். 1-உடன் 2 மடங்கு ஒரு வர்க்கமூலம். அதனுள் 1-உடன் 3 மடங்கு வர்க்கமூலம். அதனுள் 1-உடன் 4 மடங்கு என்று முடிவின்றி உள்ளே செல்வதன் வர்க்கமூலம் யாது? மூன்று இதழ்கள் வெளிவந்தும் விடை எழுதுவார் இலர். பின்னர் அவரே விடையை வெளியிட்டார்: 3.

நீங்களும் காணலாம். 3 = √9 = √(1 + 2 × 4). அந்த 4 = √16 = √(1 + 3 × 5). அந்த 5 = √25 = √(1 + 4 × 6). இப்படியே உள்ளே உள்ளே விரித்துச் செல்க.

ஆனால் அந்தப் பின்வரிசை மாணவன் இங்கும் விடமாட்டான். 4 = √(1 + 2 × 7½) என்றும், 7½-ஐ மீண்டும் அவ்வாறே பிரித்தும் எழுதிச் செல்லலாமே; விடை 4 ஆகாதோ என்பான். எனவே இங்கும் கட்டியே பார்க்கவேண்டும். முதல் மூலத்தோடு நிறுத்தினால் √(1 + 2), அஃதாவது 1.73, இரண்டோடு நிறுத்தினால் 2.24, மூன்றோடு 2.56, நான்கோடு 2.76. மேலும் மேலும் செல்லச் செல்ல 3-ஐ நெருங்கும், தாண்டாது. இத்தகைய மூல அடுக்குகள் எப்போது ஒரு மதிப்பில் அடங்கும், எப்போது அடங்கா என்பதற்கு உரிய விதியைப் பின்னாளில் தி. விசயராகவன் என்னும் தமிழ்நாட்டுக் கணித அறிஞர் வகுத்தளித்தார்.