மார்புக்கூடு காவலுக்கு மட்டுமா?

"விலா எலும்புகள் எதற்கு?" என்று எந்த வகுப்பில் கேட்டாலும், "இதயத்தையும் நுரையீரலையும் பாதுகாக்க" என்ற பதில் உடனே வரும். "நுரையீரல் எப்படி விரிகிறது?" என்றால், "அதில் தசை இருக்கிறது" என்பார்கள். முதல் விடை பாதி சரி, இரண்டாவது தவறு. நுரையீரல் தானாக விரிவதில்லை. விட்டுவிட்டால் சுருங்கவே பார்க்கும். அதை இழுத்து விரிப்பது மார்புச்சுவர்.

நாமக்கல் மாவட்டத்தில் பணியாற்றும் நான் இந்தப் பாடத்தைக் கோழியிலிருந்துதான் தொடங்குவேன். என் மாணவர்கள் பலரின் வீட்டில் யாராவது ஒருவர் பண்ணை வேலைக்குப் போகிறார். கோழியின் நெஞ்சை இறுக்கிப் பிடிக்காதே என்று பெரியவர்கள் சொல்வது அவர்களுக்குத் தெரியும். காரணம் கேட்டால் யோசிப்பார்கள். கோழிக்கு நமக்குள்ளது போன்ற உதரவிதானம் கிடையாது. அதன் மார்பெலும்பு இறங்கி ஏறும்போதுதான் காற்றுப்பைகளுக்குள் காற்று போய்வருகிறது. அந்த எலும்பை அசையவிடாமல் பிடித்தால், மூக்கு திறந்திருந்தாலும் கோழி மூச்சுத்திணறிச் செத்துவிடும்.

"அப்ப நமக்கு, டீச்சர்?" என்ற கேள்வி தானாக வரும்.

நமக்கு 12 இணை விலா எலும்புகள். பின்னால் முதுகெலும்போடு எல்லாமே இணைந்திருக்கின்றன. முன்னால் முதல் 7 இணைகள் குருத்தெலும்பு வழியாக நேரே மார்பெலும்பைத் தொடும். அடுத்த 3 இணைகள் தமக்கு மேலுள்ள குருத்தெலும்பில் சேரும். கடைசி 2 இணைகள் முன்னால் எதனோடும் சேராதவை. விலாக்களுக்கு இடையே உள்ள தசைகள் இழுக்கும்போது மேல்விலாக்கள் அடிபம்பின் கைப்பிடிபோல மார்பெலும்பை முன்னும் மேலும் தூக்குகின்றன. கீழ்விலாக்கள் வாளியின் கைப்பிடிபோலப் பக்கவாட்டில் உயர்கின்றன. இதற்கு ஒரு வாளியை வகுப்புக்கே கொண்டுவந்துவிடலாம். கூடவே உதரவிதானம் கீழே இறங்குகிறது. அமைதியான மூச்சில் பெரும்பகுதி வேலை அதனுடையதே. உள்ளே இடம் பெருகி அழுத்தம் குறைவதால் சுமார் 500 மி.லி. காற்று நுழைகிறது. வெளிமூச்சுக்கு அமைதியாக இருக்கும்போது தனி முயற்சி தேவையில்லை, இழுபட்டது தானே சுருங்குகிறது.

நாம் வழக்கமாகச் செய்துகாட்டும் பாட்டில்–பலூன் மாதிரியில் ஒரு குறை உண்டு. ரப்பர் தாளை இழுத்தால் பலூன் விரியும், ஆனால் பாட்டில் அசையாது. அதைப் பார்க்கும் பிள்ளை, விலாக்கூடும் அப்படி அசையாத பெட்டி என்றே எண்ணும். எனவே மாதிரியைக் காட்டியதும், ஒவ்வொருவரும் தம் கீழ்விலாக்களின் இருபுறமும் கைவைத்து ஆழமாக மூச்சிழுத்துப் பார்க்கச் சொல்கிறேன். உயர்நிலை வகுப்புப் பையன்களுக்குக் காவலர் தேர்வு நன்றாகவே தெரியும். அங்கே ஆண்களுக்கு மூச்சை இழுக்கும்போது மார்பு குறைந்தது 5 செ.மீ. விரிய வேண்டும் என்பது இந்த அசைவைத்தான் அளக்கிறது.

கிணறு, பள்ளம் வெட்டும் இடங்களில் மண் சரிந்து மார்புவரை புதைந்தவர், தலை வெளியே இருந்தும் இறந்துபோவதுண்டு. ஒவ்வொரு வெளிமூச்சிலும் மார்பு சுருங்க, மண் இன்னும் நெருக்கும், அடுத்த மூச்சுக்கு இடமிருக்காது. கோழிக்கு நடப்பதுதான் இங்கும். இதைச் சொல்லும்போது வகுப்பு அமைதியாகிவிடும். ஆனாலும் சொல்லிவிடுவது நல்லது, பள்ளம் வெட்டிய இடத்தில் விளையாடும் பிள்ளைகள் நம் ஊர்களில் இருக்கிறார்கள்.

தொடக்கப்பள்ளி ஆசிரியர்களுக்கு இன்னொன்று. கைக்குழந்தையின் விலாக்கள் மிக மென்மையானவை. நிமோனியாவில் நுரையீரல் விறைத்துப்போனால் உதரவிதானம் பலமாக இழுக்கும். அந்த இழுப்பில் மார்பின் கீழ்ப்பகுதி வெளியே விரிவதற்குப் பதில் உள்ளே குழியும். "தம்பிக்கு மூச்சு விடும்போது நெஞ்சு உள்ளே போகுது டீச்சர்" என்று ஒரு பிள்ளை சொன்னால், அன்றே மருத்துவமனைக்குக் கொண்டுபோகும்படி பெற்றோரிடம் சொல்லுங்கள்.