பேங்க் ஸ்டேட்மென்ட்டை டாலியில் ஏற்றும்போது எங்கே தப்பு நடக்கிறது?

ஆடிட்டரிடமிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு வரி வரும்: "கரன்ட் அக்கவுன்ட் ஸ்டேட்மென்ட்ட எக்செல்ல அனுப்புங்க." உங்களிடம் இருப்பதோ மெயிலில் வந்த பிடிஎஃப், அதுவும் பாஸ்வேர்டு போட்டது. தேடினால் இலவசமாக மாற்றித் தரும் தளங்கள் வரிசைகட்டி நிற்கும்.

கொஞ்சம் பொறுங்கள். உங்கள் வாடிக்கையாளர் யார், சரக்கு யாரிடம் வாங்குகிறீர்கள், ஊழியருக்கு என்ன சம்பளம், கையிருப்பு எவ்வளவு என எல்லாமே அந்த ஸ்டேட்மென்ட்டில் இருக்கிறது. முகம் தெரியாத தளத்துக்கு அதைத் தூக்கிக் கொடுக்கும் அவசியமே பலருக்கு இல்லை. நெட்பேங்கிங்கில் தேதியைத் தேர்வு செய்யும் பக்கத்திலேயே பெரும்பாலும் எக்செல் அல்லது சிஎஸ்வி கோப்பாக இறக்கும் வசதி இருக்கும். முதலில் அதைப் பாருங்கள். பழைய பிடிஎஃப் மட்டும்தான் இருக்கிறது என்றால், விண்டோஸில் இயங்கும் மைக்ரோசாஃப்ட் 365 எக்செல்லே பிடிஎஃப்பிலிருந்து அட்டவணையை எடுத்துத் தரும். டபுலா என்ற இலவச மென்பொருளும் உங்கள் கணினிக்குள்ளேயே வேலை செய்யும். ஸ்கேன் செய்த பக்கங்களை மட்டும் அதற்குப் படிக்கத் தெரியாது.

பிடிஎஃப் ஏன் இவ்வளவு அடம்பிடிக்கிறது? நம் கண்ணுக்கு அட்டவணையாகத் தெரிவது, பெரும்பாலான ஸ்டேட்மென்ட் கோப்புகளுக்குள் அட்டவணையே இல்லை. எந்த எழுத்து பக்கத்தில் எந்த இடத்தில் நிற்க வேண்டும் என்ற குறிப்புதான் இருக்கிறது. அதனால் ஒரு யுபிஐ பரிவர்த்தனையின் விவரம் மூன்று வரிக்கு நீண்டால், மாற்றும் மென்பொருள் அதை மூன்று பரிவர்த்தனையாக எடுத்துக்கொள்ளலாம். அது பரவாயில்லை, பார்த்ததுமே தெரிந்துவிடும். கண்ணில் படாத தப்புகள்தான் ஆபத்து.

மார்ச் 4, ஏப்ரல் 3 ஆகும் கதை

வங்கி தரும் சிஎஸ்வியில் 04/03/2025 என்று இருக்கிறது. நமக்கு அது மார்ச் 4. உங்கள் லேப்டாப் அமெரிக்க ஆங்கில அமைப்பில் இருந்தால், எக்செல்லுக்கு அது ஏப்ரல் 3. வெறும் ஒரு மாத வித்தியாசம் இல்லை இது. 2024-25 நிதியாண்டின் வரவு 2025-26க்குத் தாவிவிட்டது. 25/03/2025 என்பதை அப்படிப் படிக்க முடியாது என்பதால் எக்செல் அதைத் தேதியாகவே எடுத்துக்கொள்ளாமல் எழுத்தாக விட்டுவிடும். தேதிப் பத்தியில் சில வலப்பக்கமும் சில இடப்பக்கமும் ஒதுங்கி நின்றால், நடந்தது இதுதான்.

அடுத்தது யுபிஐ குறிப்பு எண். 12 இலக்கம் கொண்ட அந்த எண் தனிக் கட்டத்தில் வந்தால், எக்செல் அதை 4.12346 எனச் சுருக்கி, பக்கத்தில் ஆங்கில 'ஈ' எழுத்து போட்டுக் காட்டும். அந்த நிலையில் சிஎஸ்வியாகச் சேமித்தால் மீதி இலக்கங்கள் போயே போச்சு. ஒரே பரிவர்த்தனை இரண்டு முறை ஏறியிருக்கிறதா என்று கண்டுபிடிக்க அந்த எண்தான் உதவும். ஆகவே கோப்பை டபுள் கிளிக் செய்து திறக்காதீர்கள். எக்செல்லின் 'டேட்டா' பகுதி வழியாக உள்ளே கொண்டுவந்து, எண் பத்தியை 'டெக்ஸ்ட்' என்றும் தேதியை நாள்-மாதம்-ஆண்டு என்றும் நீங்களே சொல்லிவிடுங்கள்.

இனி கிரெடிட், டெபிட். ஸ்டேட்மென்ட் என்பது வங்கியின் பார்வையில் எழுதப்பட்ட கணக்கு. உங்களுக்குப் பணம் வந்தால் அங்கே கிரெடிட். உங்கள் புத்தகத்தில் அதே தொகை வங்கி லெட்ஜரில் டெபிட். டாலிக்கான எக்ஸ்எம்எல் கோப்பில் இன்னொரு குழப்பமும் உண்டு: டெபிட் தொகையை மைனஸ் போட்டு எழுத வேண்டும், தேதியை 20250304 என்று ஆண்டு முதலில் வரும்படி தர வேண்டும். லெட்ஜர் பெயரும் டாலியில் உள்ளபடியே இருக்க வேண்டும். டாலிபிரைம் 4.0 பதிப்பிலிருந்து எக்செல்லையே நேரடியாக ஏற்றலாம் என்பதால் எக்ஸ்எம்எல் தலைவலி குறைந்திருக்கிறது. ஜோஹோ புக்ஸ் சிஎஸ்வியை ஏற்கும்.

ஏற்றும் முன் ஒரு சோதனை: முந்தைய வரியின் இருப்புடன் வரவைக் கூட்டி, செலவைக் கழித்தால் இந்த வரியின் இருப்பு வர வேண்டும். எக்செல்லில் ஒரே ஒரு சூத்திரம், கடைசி வரி வரை இழுத்தால் முடிந்தது. விட்டுப்போன வரி, இரட்டித்த வரி, இடம் மாறிய டெபிட் எல்லாம் இதில் மாட்டும். தேதித் தப்பு மட்டும் மாட்டாது.

1,08,000 ரூபாய் வந்தது. வருமானம் எவ்வளவு?

எல்லாம் சரியாக ஏறிவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். ஃப்ரீலான்ஸராக நீங்கள் 1,00,000 ரூபாய்க்கு பில் போட்டு, 18% ஜிஎஸ்டி சேர்த்து 1,18,000 கேட்டிருந்தீர்கள். தொழில்முறைக் கட்டணம் என்பதால் வாடிக்கையாளர் 10% டிடிஎஸ், அதாவது 10,000 பிடித்துக்கொண்டு 1,08,000 அனுப்பினார். ஸ்டேட்மென்ட்டில் தெரிவது அந்த ஒரு தொகைதான். மென்பொருள் அதை அப்படியே விற்பனை என்று போட்டால், வருமானம் 8,000 கூடுதலாகிறது, அரசுக்குக் கட்ட வேண்டிய 18,000 கணக்கிலேயே இல்லை, உங்களுக்குச் சேர வேண்டிய 10,000 டிடிஎஸ்ஸும் புத்தகத்தில் ஏறவில்லை. ஒரே வரியில் மூன்று தப்பு!

உங்கள் சேவிங்ஸ் கணக்கிலிருந்து கரன்ட் கணக்குக்கு நீங்களே மாற்றிய பணமும் இப்படித்தான் வருமான வேஷம் போடும். டாலியில் அது 'கான்ட்ரா'. கடன் தவணையில் வட்டி மட்டும்தான் செலவு, அசல் இல்லை. புரியாத வரிகளை 'சஸ்பென்ஸ்' லெட்ஜரில் போடுவது தப்பில்லை. ஆனால் அந்த மாதமே அதைக் காலி செய்துவிடுங்கள். "இந்த 7,500 யாருக்குக் கொடுத்தது?" என்று ஒரு வருஷம் கழித்துக் கேட்டால் யாருக்கு ஞாபகம் இருக்கும்?

உங்களுடையது பதிவு செய்த கம்பெனி என்றால் இன்னும் கவனம் தேவை. 2023 ஏப்ரல் 1 முதல், கம்பெனிகள் பயன்படுத்தும் கணக்கு மென்பொருளில் ஒவ்வொரு திருத்தத்தின் தடமும் பதிவாக வேண்டும், அதை நிறுத்தி வைக்கவும் கூடாது. தப்பாக ஏற்றிய 400 வவுச்சரை அழித்தால், அழித்ததும் பதிவில் நிற்கும். அதனால் முதலில் பேக்கப் எடுத்துக்கொண்டு, ஒரே ஒரு வாரத்துக்கான பரிவர்த்தனைகளை மட்டும் ஒரு சோதனைக் கம்பெனியில் ஏற்றிப் பாருங்கள். இருப்பு பொருந்திய பிறகு மீதியை ஏற்றலாம்.