வெந்நீரில் குறைவாகக் கரையும் உப்பு: லித்தியம் கார்பனேட்

சர்க்கரை குளிர்ந்த நீரைவிட வெந்நீரில் மிகுதியாகக் கரையும் என்பதை யாவரும் அறிவர். பெரும்பாலான உப்புகளின் இயல்பும் இதுவே. லித்தியம் கார்பனேட் இதற்கு விலக்காகும். 100 கிராம் நீரில் 0 டிகிரி செல்சியஸில் சுமார் 1.5 கிராம் கரையும் இவ்வுப்பு, 100 டிகிரியில் சுமார் 0.7 கிராம் மட்டுமே கரைகிறது. லித்தியம் தொழிலில் இப்பண்பு பெரிதும் பயன்படுத்தப்படுகிறது.

பண்புகள்

லித்தியம் கார்பனேட் மணமற்ற வெண்ணிறத் தூள். 723 டிகிரியில் உருகும். இதன் எடையில் ஏறத்தாழ 19 சதவிகிதமே லித்தியம். எனவே 1 டன் லித்தியம் சுமார் 5.3 டன் உப்புக்கு ஈடாகும். இதே குடும்பத்தைச் சேர்ந்த சோடியம் கார்பனேட், 20 டிகிரி வெப்பமுள்ள 100 கிராம் நீரில் 20 கிராமுக்கு மேல் கரையும். இவ்வேறுபாடே பிரித்தெடுத்தலுக்கு வழிவகுக்கிறது.

பிரித்தெடுக்கும் முறை

சிலி நாட்டின் அட்டகாமா உப்புப் படுகையில் நிலத்தடி உவர்நீர் பெரிய பாத்திகளில் வெயிலில் வற்றவைக்கப்படுகிறது. ஆஸ்திரேலியாவில் கிடைக்கும் ஸ்போடுமீன் என்னும் கனிமமோ, சுமார் 1,000 டிகிரிக்கு மேல் சூடாக்கப்பட்டுப் பின்னர் கந்தக அமிலத்துடன் வறுக்கப்படுகிறது. இவ்வாறு பெறப்படும் கரைசலைத் தூய்மை செய்து, சூடான நிலையில் சோடா சாம்பலைச் சேர்த்தால், லித்தியம் கார்பனேட் வீழ்படிவாகிறது. சோடியம் உப்புகள் கரைசலிலேயே தங்கிவிடுகின்றன. வீழ்படிவை வெந்நீரில் கழுவுவதால் இழப்பும் குறைகிறது.

மேலும் தூய்மை தேவைப்படின், உப்பைக் குளிர்ந்த நீரில் கலந்து கரியமில வாயுவைச் செலுத்துவர். எளிதில் கரையும் பைகார்பனேட் உண்டாகும். கரையாத மாசுகளை வடிகட்டிய பின் கரைசலைச் சூடாக்கினால், வாயு வெளியேறித் தூய கார்பனேட் மீண்டும் படியும்.

பயன்கள்

கண்ணாடி, பீங்கான் தொழில்களில் இவ்வுப்பு உருகுநிலையைத் தாழ்த்த உதவுகிறது. மனநோய்ச் சிகிச்சையில் லித்தியம் உப்புகளின் பயனை ஆஸ்திரேலிய மருத்துவர் ஜான் கேட் 1949இல் வெளியிட்டார். பயன் தரும் அளவுக்கும் நச்சாகும் அளவுக்கும் இடைவெளி குறுகியதாதலால், குருதிப் பரிசோதனை இன்றியமையாதது. 1991இல் லித்தியம் அயனி மின்கலங்கள் விற்பனைக்கு வந்தபின், இதன் தேவை பன்மடங்கு பெருகியது.

இந்தியாவின் முன்னுள்ள பணி

ஜம்மு காஷ்மீரின் ரியாசி மாவட்டத்தில் 59 லட்சம் டன் லித்தியம் தாது இருக்கக்கூடும் என்று 2023 பிப்ரவரியில் அறிவிக்கப்பட்டது. இது தொடக்கநிலை மதிப்பீடு. தாதுவின் அளவேயன்றி உலோகத்தின் அளவன்று. 2024 ஜனவரியில் அர்ஜென்டினாவின் கடமார்க்கா மாநிலத்தில் ஐந்து உவர்நீர்ப் பகுதிகளை ஆராய்வதற்கு இந்தியப் பொதுத்துறை நிறுவனம் ஒன்று உடன்பாடு செய்துகொண்டது.

தாது கிடைப்பது முதற்படியே. அதனை மின்கலத்திற்கு ஏற்ற, சுமார் 99.5 சதவிகிதத் தூய்மையுள்ள உப்பாக மாற்றும் வேதித்தொழில் திறனும் உடன் வளர்ந்தால்தான், நிலத்தில் உள்ள வளம் நாட்டின் செல்வமாகும்.