கேக்குக்கு முன்னால் புலி வரட்டும்

பத்து முடிந்து பதினொன்றில் கால் வைக்கிற பிள்ளைக்குப் பிறந்தநாள் கொண்டாடுவதுதான் இருப்பதிலேயே கஷ்டம். ஐந்து வயதுக்காரனுக்கு நாலு பலூன் போதும். பதினைந்து வயதுக்காரன் கூட்டாளிகளோடு பரோட்டாக் கடைக்குக் கிளம்பிவிடுவான். நடுவில் இருக்கிற இந்த ரெண்டுங்கெட்டான் வயசு, பலூனைக் கண்டால் ‘நான் என்ன பாப்பாவா?’ என்று கேட்கும். ஒன்றும் செய்யாமல் விட்டாலோ ராத்திரி முழுக்க உம்மென்று இருக்கும்.

ரிஷிவந்தியம் பக்கம் நடக்கிற கொண்டாட்டம் எல்லா ஊரிலும் நடப்பதுதான். காலையில் யூனிஃபார்ம் இல்லாமல் கலர் டிரெஸ்ஸில் பள்ளிக்கூடம், கையில் சாக்லேட் பாக்கெட். சாயங்காலம் ஹாலில் ஜிகினாத் திரை. தியாகதுருகத்திலிருந்தோ கள்ளக்குறிச்சியிலிருந்தோ பைக்கில் மடிமேல் வைத்துக் கொண்டுவந்த கேக். வெட்டியாயிற்று, மூஞ்சியில் கிரீம் பூசியாயிற்று, ஸ்பிரே அடித்தாயிற்று, எல்லாவற்றையும் படம் பிடித்தாயிற்று. அரை மணி நேரத்தில் கதை முடிந்தது. அப்புறம் பெரியவர்கள் பிரியாணி அண்டாவைச் சுற்றி நிற்பார்கள், பிள்ளைகள் ஒரே ஒரு செல்போனைச் சுற்றி.

பட்டணத்தில் இதற்கென்றே ஆள் பிடிக்கிறார்கள். மைக்கோடு வந்து இரண்டு மணி நேரம் ஆட்டம் காட்டிவிட்டுப் போகிறார். வேலைக்குப் போகும் பெற்றோருக்கு அது வசதிதான். ஆனால் வாசலும் திண்ணையும் மொட்டை மாடியும் இருக்கிற வீட்டுக்கு அந்தச் செலவு தண்டம்.

மொட்டை மாடியிலிருந்தே ஆரம்பிக்கலாம். ஆடுபுலி ஆட்டம் தெரியாத தாத்தா இந்தச் சுற்றுவட்டாரத்தில் கிடையாது. முக்கோணம், அதைக் குறுக்கே வெட்டும் கோடுகள், 23 முனைகள், 3 புலி, 15 ஆடு. அதைத் தரையில் குந்தி உட்கார்ந்து புளியங்கொட்டையில் ஆடச் சொன்னால் பதினோரு வயசு கொட்டாவி விடும். அதே கட்டத்தைக் கோலமாவால் மாடி முழுக்கப் பெரிசாகப் போட்டு, பிள்ளைகளையே காயாக நிற்க வைத்துப் பாருங்கள். மூன்று பேர் புலி. மற்றவர்கள் ஆடு. ஒவ்வோர் ஆடாக முனையில் இறங்க வேண்டும். 15 ஆடும் இறங்கி முடிகிற வரை எந்த ஆடும் நகரக் கூடாது. புலி ஓர் ஆட்டைத் தாண்டி அடுத்த காலி முனையில் குதித்தால் அந்த ஆடு காலி. மூன்று புலியும் நகர வழியில்லாமல் மடக்கப்பட்டால் ஆடுகளுக்கு ஜெயம். கட்டத்துக்கு வெளியே இரண்டு பேர் நின்று காய் நகர்த்தலாம். ஆடாக நிற்கிறவன் சும்மா இருப்பானா? ‘என்னை அங்க வைக்காதடா, புலி தாண்டிடும்’ என்று கத்துவான். கத்தட்டும். ஆள் போதாவிட்டால் ஆட்டுக்குப் பதில் செருப்புகளை வைக்கலாம். வீட்டு வாசலில் அன்றைக்கு அதற்கா பஞ்சம்!

கீழே வாசலில் ஏழு கல். உடைந்த ஓட்டுச்சில்லு ஏழை அடுக்கி, ரப்பர் பந்தால் அடித்துக் கலைத்து, எதிரணி பந்தால் அடிப்பதற்குள் திரும்ப அடுக்க வேண்டும். திண்ணை இருந்தால் கல்லா மண்ணா. ‘மண்’ என்று கேட்டு வாங்கியவனுக்கு வாசல் மண் சொந்தம். மற்றவர்கள் திண்ணைக் கல்லில் நின்றுகொண்டு, இறங்கி இறங்கி அவன் மண்ணை மிதித்துவிட்டு ஓட வேண்டும். இதெல்லாம் தெரிந்ததுதான், விளக்க வேண்டாம்.

ஓடி ஓய்ந்த பிறகு புதையல் வேட்டை. இந்த வயசுக்கு மூளைக்கு வேலை வைத்தால்தான் மதிப்பு. துண்டுச் சீட்டில் விடுகதையாகத் துப்பு எழுதுங்கள். ‘காதைத் திருகினால் உறுமும், வயிறு காய்ந்தால் நடுரோட்டில் நிற்கும்’ என்றால் அப்பாவின் பைக். பைக் இருக்கையின் அடியில் அடுத்த துப்பு. ‘நாளெல்லாம் வாயைப் பிளந்துகொண்டிருக்கும், ஒரு சொல் பேசாது’ என்றால் கொல்லைப்புறத்து உரல். எட்டுத் துப்பு போதும். கடைசித் துப்பை மட்டும் வீட்டு ஆயாவின் இடுப்புச் சுருக்குப்பையில் வையுங்கள். ஆயாவும் லேசில் விடக் கூடாது.

கண்ணைக் கட்டிவிட்டு வாசனை கண்டுபிடிக்கச் சொல்வதும் நன்றாகவே எடுபடும். ஓமம், சீரகம், பெருங்காயம், கல்வராயன் மலைப் புளி, கடுக்காய். பையன்கள் ஓமத்தில் கட்டாயம் கோட்டை விடுவார்கள்.

மியூசிக்கல் சேர் வைப்பதென்றால் ஒரு திருத்தம். முதல் சுற்றில் தோற்ற பிள்ளை சுவரோரம் உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பது பிறந்தநாளா? நாற்காலியை மட்டும் எடுங்கள், பிள்ளையை எடுக்காதீர்கள். கடைசியில் இரண்டு நாற்காலியில் பத்துப் பேரும் எப்படியாவது தொற்றிக்கொள்ள வேண்டும். சிரிப்பில் வீடே அதிரும்.

வீட்டுப் பெரியம்மா ஒருத்தி சமையற்கட்டிலிருந்து எட்டிப் பார்த்து, ‘ஏய், நீ வந்து இப்படி உக்காரு’ என்று ஒரு பெண் பிள்ளையைக் கூப்பிடுவதும் அப்போதுதான். எத்தனையோ வீட்டில் கேட்ட குரல் அது. ஆட்டங்களைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன். என் கவலை முழுக்க அந்தக் குரலில் போய் மாட்டிக்கொண்டது.

பத்திலிருந்து பன்னிரண்டு வரையிலான பிறந்தநாள்தான், நம் பக்கத்தில் பல பெண்களுக்கு ஓடி விளையாடக் கிடைக்கிற கடைசிப் பிறந்தநாள். ஆறாவதோ ஏழாவதோ படிக்கும்போது வயசுக்கு வருகிறாள். குச்சு கட்டுகிறார்கள், தாய்மாமன் சீர் வருகிறது, மண்டபம் பிடித்து, ரோட்டோரம் அவள் முகம் போட்ட ஃபிளெக்ஸ் வைத்து மஞ்சள் நீராட்டு நடக்கிறது. அதுவரை அவளுக்கு நடந்த எந்தப் பிறந்தநாளும் அந்த விழாவின் கால்தூசி பெறாது. அதற்கு அடுத்த மாதம் தெருவில் ஏழு கல் அடுக்க அவள் வருவதில்லை. யாரும் சட்டம் போடவில்லை. அவளாகவே திண்ணையில் உட்கார்ந்து தம்பியின் ஆட்டத்துக்கு எண்ணிக்கை சொல்கிறாள்.

நம் ஊரில் மட்டும்தான் இப்படி என்றில்லை. 146 நாடுகளின் 2016 வரையிலான தகவல்களை அலசி உலக சுகாதார நிறுவன ஆய்வாளர்கள் 2019இல் வெளியிட்ட கணக்கின்படி, 11 முதல் 17 வயது வரை உள்ள பெண்களில் 85 சதவீதத்தினர் உடம்புக்குத் தேவையான அளவு ஓடியாடுவதில்லை. ஆண் பிள்ளைகளில் 78. தேவையான அளவு என்பது மலையைப் புரட்டுவதல்ல, நாளுக்கு ஒரு மணி நேரம். விளையாடுவது குழந்தையின் உரிமை என்று 1989இல் ஐ.நா. உடன்படிக்கையின் 31ஆவது பிரிவு சொன்னது. 1992இல் இந்தியா அதை ஏற்றது. அந்த உடன்படிக்கைக்கு 18 வயது வரை எல்லோரும் குழந்தைதான். நம் திண்ணைக்குப் பன்னிரண்டோடு கணக்கு முடிந்துவிடுகிறது.

இத்தனைக்கும் ரிஷிவந்தியத்தில் குடிகொண்டிருப்பவர் அர்த்தநாரீஸ்வரர். தேன் அபிஷேகத்தின்போது லிங்கத் திருமேனியில் அம்பாளின் உருவம் தெரிகிறது என்று கூட்டம் கூட்டமாக வந்து கும்பிட்டுப் போகிறோம். சாமி சரிபாதி கொடுத்துவிட்டார். வாசலில் பாதி கேட்டால்தான் நமக்கு முகம் சுருங்குகிறது.

‘காலம் கெட்டுக் கிடக்கு, பொம்பளப் புள்ளைய எப்படித் தெருவுல விடறது?’ என்பார்கள். பயம் நியாயமானதுதான். அதனால்தான் வீட்டுப் பிறந்தநாளை இவ்வளவு வற்புறுத்துகிறேன். சொந்த மாடி, சொந்த வாசல், அம்மா பக்கத்தில், அத்தை பக்கத்தில். இங்கேயும் அவள் ஓடக் கூடாது என்றால் வேறெங்கே ஓடுவாள்?

முதல் எதிரி அந்த நெட் கவுன். கழுத்தில் கல், இடுப்பில் கம்பி வைத்த மாதிரி விறைப்பு, கீழே தரையைப் பெருக்குகிற நீளம். அதைப் போட்டுக்கொண்டு ஒருத்தி புலியாகக் குதிக்க முடியுமா? தம்பி அரை டிராயரில் பறக்கிறான்; அக்கா கவுனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சுவரோரம் நிற்கிறாள். போட்டோவில் அழகாகத்தான் இருக்கும்.

கூப்பிடுகிற பட்டியலையும் பாருங்கள். மகனின் பிறந்தநாளென்றால் பையன்கள் மட்டும், மகளுடையதென்றால் பெண்கள் மட்டும் என்று ஐந்தாம் வகுப்புக்கு மேல் தானாகப் பிரிந்துவிடுகிறது. அதே வகுப்பில் ஒரே பெஞ்சில் உட்காருகிற பிள்ளைகள்தானே? இரண்டு பேரையும் கூப்பிடுங்கள். அணி பிரிக்கும்போது ‘பாய்ஸ், கேர்ள்ஸ்’ என்று பிரிக்காமல் சீட்டுக் குலுக்கிப் போடுங்கள். போன வருஷம் வந்து இந்த வருஷம் வராத பெண்ணின் வீட்டுக்கு அம்மாவே ஒரு நடை போய்க் கூப்பிட வேண்டும். வாட்ஸ்அப் அழைப்புக்கு அந்த வீடு அசையாது. நேரில் வந்த அம்மாவிடம் ‘அனுப்ப மாட்டேன்’ என்று சொல்லச் சங்கடப்படும். மாதவிலக்கு நாளாயிற்றே என்று யாராவது இழுத்தால், ஓடுவதும் ஓடாததும் அவள் இஷ்டம் என்று முடித்துவிடுங்கள்.

நேரக் கணக்கு சுலபம். வெயில் தணிந்து நாலரைக்கு எல்லோரும் சுடிதார், டிராயர், டீ-ஷர்ட்டில் வந்துவிட வேண்டும். முதலில் ஏழு கல், பிறகு மாடியில் புலி, இருட்டுவதற்குள் புதையல். ஆறரைக்குக் குழாயடியில் கைகால் கழுவிக்கொண்டு, வேண்டுமானால் அந்த கவுனை மாட்டிக்கொள்ளட்டும். கேக்கை ஏழு மணிக்கு வெட்டினால் போதும், அதுவரை ஃபிரிட்ஜில் இருக்கும்.