மேசை மேல் மலை ரயில்: ஏன் சுற்றிச் சுற்றி ஏறுகிறது?

சுவிட்சர்லாந்தின் கோத்தார்டு மலை ரயில்பாதையில் போகும் பயணிக்கு வாசன் கிராமத்துத் தேவாலயம் மூன்று முறை, மூன்று உயரங்களில் தெரியும். 1882-இல் திறக்கப்பட்ட அந்தப் பாதை, மலைக்குள் சுருள் சுரங்கங்களாகச் சுற்றி ஏறுகிறது. வீட்டில் மாதிரி ரயில் அமைப்பவருக்கு அதைவிட நல்ல பாடம் கிடையாது.

ஏன் நேராக ஏறக் கூடாது? உலோகச் சக்கரத்துக்கும் தண்டவாளத்துக்கும் உராய்வு குறைவு. சரிவு கூடினால் என்ஜின் சக்கரம் வழுக்கிச் சுழலும். பொம்மை என்ஜினுக்கும் இதே கதிதான். நூற்றுக்கு இரண்டு, மூன்று என்ற சரிவே பாதுகாப்பானது. அதனால்தான் சுற்றிச் சுற்றிப் பாதையை நீட்டி ஏற வேண்டியிருக்கிறது.

ஹெச்ஓ (HO) எனப்படும் மாதிரி ரயில் அளவில் எல்லாமே நிஜத்தில் 87-இல் ஒரு பங்கு. தண்டவாள இடைவெளி 16.5 மில்லிமீட்டர். 60 சென்டிமீட்டர் ஆரமுள்ள ஒரு சுற்றின் நீளம் சுமார் 377 சென்டிமீட்டர். ஒரு சுற்றில் 9 சென்டிமீட்டர் ஏற்றினால் சரிவு நூற்றுக்கு 2.4. கீழ்ப்பாதையில் ரயில் தட்டாமல் போகவும் இடம் கிடைக்கும்.

வளைவுதான் பெரிய சிக்கல். 300 மீட்டர் ஆரமுள்ள நிஜ வளைவை அப்படியே சுருக்கினாலும் ஏறக்குறைய மூன்றரை மீட்டர் வரும். எந்த வீட்டு அறை தாங்கும்? வளைவை இறுக்கினால் நீளமான பெட்டிகளின் முனைகள் வெளியே துருத்தி, கண்ணை உறுத்தும். அதனால் அந்த வளைவுகளை மலைக்குள் மறைக்கிறார்கள். கம்பிவலை, பிளாஸ்டர், மரத்தூள் கொண்டு எழும் அந்த அழகான மலைக்கு இப்படியொரு வேலையும் உண்டு.

ஆனால் மலையின் பின்புறம் கை நுழையும் அளவுக்குத் திறப்பு விட மறக்காதீர்கள். ரயில் தடம்புரள்வது பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாத இடத்தில்தான்.