நாயும் பாலாடைக்கட்டியும்

நாம் உண்ண அமர்ந்தால் வீட்டு நாயும் அருகில் வந்து அமர்கின்றது. நம் முகத்தையும் கையையும் மாறி மாறி நோக்குகின்றது. அந்தப் பார்வைக்கு இரங்காதவர் சிலரே. ஒரு துண்டைக் கிள்ளிப் போடுகின்றோம். போட்ட பின்னரே, ‘இஃது அதற்கு ஆகுமா?’ என்னும் ஐயம் எழுகின்றது. மென்மையான பாலாடைக்கட்டியைப் பொறுத்தவரை அந்த ஐயம் தேவையானதே.

பாலில் லாக்டோஸ் என்னும் சர்க்கரை உள்ளது. அதைச் செரிக்கும் நொதி, தாய்ப்பால் குடிக்கும் குட்டியின் குடலில் மிகுதியாகச் சுரக்கும். பால்குடி மறந்தபின் பல நாய்களுக்கு அது குறைந்துவிடும். செரியாத சர்க்கரை பெருங்குடலுக்குச் சென்று நீரை ஈர்க்கும். அங்கே புளித்து வாயுவை உண்டாக்கும். வயிற்றுப்போக்கு அதன் விளைவு. பாலைத் திரித்துக் கட்டியாக்கும்போது இச்சர்க்கரையின் பெரும்பகுதி தெளிநீரோடு வெளியேறிவிடுகிறது. நாட்பட முதிர்ந்த கெட்டியான கட்டியில் அது மிக அற்பம். முதிராத கிரீம் சீஸ் போன்றவற்றிலோ ஓரளவு எஞ்சி நிற்கும்.

ஆயினும் சர்க்கரையைக் காட்டிலும் அஞ்சத்தக்கது கொழுப்பு. பிரான்சு நாட்டின் பிரீ என்னும் கட்டியில் எடையில் நான்கில் ஒரு பங்குக்கு மேல் கொழுப்பே. தீப்பெட்டியளவான 30 கிராம் துண்டில் ஏறத்தாழ 100 கலோரி உண்டு. பத்துக் கிலோ எடையுள்ள வளர்ந்த நாய்க்கு ஒரு நாளைக்கு வேண்டுவது சுமார் 600 கலோரி. தின்பண்டங்கள் அதில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டலாகாது என்பது கால்நடை மருத்துவர் கூறும் பொதுவிதி. நமக்கு ஒரு வாய்க்குக் காணாத துண்டு, அதற்கு வரம்பு மீறிய உணவாகின்றது. கொழுப்பு மிகுந்த உணவு சில நாய்களுக்குக் கணைய அழற்சியைத் தூண்டும். ஓயாத வாந்தி, உணவில் வெறுப்பு, வயிற்றுவலியால் முதுகை வளைத்து நிற்றல் ஆகியவை அதன் குறிகள். உயிருக்கே கேடு விளைவிக்கவல்ல நோய் அது.

இனி, ஒருபோதும் கொடுக்கலாகாத ஒரு வகை உண்டு. ரோக்ஃபோர், ஸ்டில்டன் முதலிய நீலப் பாலாடைக்கட்டிகள் ஒரு வகைப் பூஞ்சணத்தால் பக்குவம் பெறுபவை. அப்பூஞ்சணம் ரோக்ஃபோர்ட்டின் என்னும் பொருளை உண்டாக்கக்கூடும். மனிதர் அதைத் தாங்குவர். நாய்க்கு அது வாந்தி, உடல் நடுக்கம், வலிப்பு ஆகியவற்றைத் தரும். பூசணம் பூத்ததென்று நாம் குப்பையில் எறியும் கட்டியும் இத்தகையதே. பூண்டும் வெங்காயமும் கலந்த கட்டிகளும் ஆகா. அவை நாயின் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும். இவற்றுள் எதையேனும் நாய் தின்றுவிட்டால், குறிகள் தோன்றட்டுமென்று காத்திராமல், எவ்வளவு தின்றது என்னும் விவரத்தோடு மருத்துவரிடம் விரைதல் வேண்டும்.

மாத்திரையைக் கட்டிக்குள் பொதிந்து விழுங்கச் செய்வதும் வழக்கம். நல்ல உபாயந்தான். ஆனால் டெட்ராசைக்ளின் மருந்தோடு பாலின் சுண்ணாம்புச் சத்து பிணைந்துகொள்வதால், அம்மருந்து உடலில் ஏறாது போகும். நாய் மருந்துண்டதென்று நாம் மகிழ்ந்திருக்க, நோய் தணியாதிருக்கும். ஆகவே மருத்துவரைக் கேட்டுச் செய்தல் நன்று.

அவ்வாறாயின், நாய்க்குப் பாலாடைக்கட்டியே ஆகாதா? அப்படியன்று. உப்பும் மசாலையும் சேராத பன்னீரில் சுண்டைக்காயளவு, நலமான நாய்க்குப் பெரும்பாலும் தீங்கு செய்யாது. முதன்முறை கொடுத்தபின் ஒரு நாள் கவனித்தல் வேண்டும். உடல் பருத்த நாய்க்கும், முன்பு கணைய நோயுற்ற நாய்க்கும் அதுவும் வேண்டா.

தட்டருகே அமர்ந்திருக்கும் நாய்க்கு எது தகும், எது தகாது என்று தெரியாது. அதை அறிந்திருக்க வேண்டியவர் தட்டின் முன் அமர்ந்திருக்கும் நாமே. கிள்ளிப் போடுவதற்கு முன் ஒரு கணம் எண்ணிப் பார்ப்பதும் அன்பின் பாற்பட்டதே ஆகும்.