பச்சை குத்திய பின் வரும் பதினைந்து நாள்

2011 அக்டோபர் கடைசியில், அமெரிக்காவின் ரோசெஸ்டர் நகரில் ஒருவர் டாட்டூ போட்டுக்கொண்டார். ஒரே வாரத்தில் குத்திய இடத்தில் சிவப்புச் சிவப்பாகத் தடித்துக்கொண்டது. இன்றைக்கு ஆறும், நாளைக்கு ஆறும் என்று பார்த்தார். மாதங்கள் போயும் ஆறவில்லை. ஜனவரியில் விஷயம் உள்ளூர் சுகாதாரத் துறைக்குப் போனது. விசாரித்தால், அதே கலைஞரிடம் குத்திக்கொண்ட வேறு பலருக்கும் அதே தொல்லை. மொத்தம் 19 பேர். காரணம் ஊசி அல்ல, மை. சாம்பல் நிறம் வருவதற்காக முன்கூட்டியே நீர்க்கவிட்டு விற்கப்பட்ட மையில், திறக்காத பாட்டிலிலேயே, காசநோய்க் கிருமியின் தூரத்து உறவான ஒரு பாக்டீரியா இருந்தது.

"புது ஊசிதானே?" என்ற ஒரு கேள்வியோடு நாற்காலியில் சாய்ந்துவிடுகிறவர்கள் இந்தச் சம்பவத்தை நினைவில் வைப்பது நல்லது. மை எந்த நிறுவனத்துடையது, காலாவதி எப்போது, அதில் தண்ணீர் கலப்பார்களா, கலந்தால் எந்தத் தண்ணீர்? இவையும் கேட்க வேண்டியவை. குழாய்த் தண்ணீரும் கேன் தண்ணீரும் குடிக்க ஆகலாம். தோலுக்குள் செலுத்த ஆகாது.

காரணம் எளிது. டாட்டூ என்பது அலங்காரமாவதற்கு முன் ஒரு புண். டாட்டூ மெஷினின் ஊசி நிமிடத்துக்கு 3,000 முறை வரைகூடத் தோலைத் துளைக்கும். மேல்தோலைத் தாண்டி ஒன்று, இரண்டு மில்லிமீட்டர் ஆழத்தில், அடித்தோலில் மை போய்ச் சேருகிறது. அந்நியப் பொருள் வந்துவிட்டது என்று உடலின் காவல் செல்கள் ஓடிவந்து மைத்துகளை விழுங்குகின்றன. அந்தச் செல் இறந்தால் சிந்தும் மையைப் பக்கத்தில் வரும் புதிய செல் விழுங்கிக்கொள்கிறது. 2018இல் பிரெஞ்சு ஆய்வாளர்கள் எலிகளிடம் இதைச் சோதித்துக் காட்டினார்கள். பாட்டியின் முன்கையில் குத்திய கோலம் எழுபது வயதிலும் பச்சையாகத் தெரிவதற்குப் பின்னால் இருப்பது இந்த ஓயாத கைமாற்றுதான்.

முதல் இரண்டு, மூன்று நாள் குத்திய இடம் சிவந்து, தொட்டால் சூடாக இருக்கும். தெளிந்த நீரோடு கொஞ்சம் மையும் கசியும். தலையணை உறையில் பட்ட கறையைப் பார்த்துப் பயப்பட வேண்டியதில்லை. நான்கைந்து நாளில் அரிப்பு தொடங்கும். வெயிலில் கறுத்துவிட்டு வந்த முதுகு உரிவதுபோல, நிறத்தோடு மெல்லிய தோல் உரியும். கை துறுதுறுக்கும் கட்டம் இதுதான். பொருக்கைப் பிய்த்தால் அதோடு மையும் வந்து, அந்த இடம் திட்டாக வெளுத்துவிடும், தழும்பும் விழலாம். மேல்தோல் மூட இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும். உள்ளே முழுமையாக ஆற மாதங்கள் பிடிக்கும்.

பராமரிப்பு பெரிய வித்தை இல்லை. கையைக் கழுவிவிட்டுத் தொடுவது. மணமில்லாத மென்மையான சோப்பும் சுத்தமான நீரும் கொண்டு நாளைக்கு இரண்டு முறை கழுவுவது. துவட்டாமல், சுத்தமான துணியால் ஒற்றி எடுப்பது. மணமில்லாத மாய்ஸ்சரைசரை மெல்லிசாகத் தடவுவது. அப்பிவைத்தால் நம் ஊர்ப் புழுக்கத்தில் புண் நசநசத்துவிடும். மஞ்சள் அரைத்துப் பூசும் பழக்கம் வீடுகளில் உண்டு. அக்கறைதான், ஆனால் அம்மியும் மஞ்சளும் கிருமி நீக்கப்பட்டவை அல்ல. அதைவிடக் கெடுதல், மெடிக்கலில் கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு கலந்த களிம்பு. சிவப்பையும் அரிப்பையும் அமுக்கிவிட்டு, உள்ளே தொற்று வளர இடம் கொடுக்கும்.

கடல், கிணறு, நீச்சல்குளம் மூன்றும் புண் மூடும்வரை வேண்டாம். இது வெறும் பயமுறுத்தல் இல்லை. டாட்டூ போட்ட ஐந்தாவது நாள் மெக்சிகோ வளைகுடாவில் நீந்திய 31 வயதுக்காரர் ஒருவர், கடல்நீரில் வாழும் விப்ரியோ பாக்டீரியா தொற்றி இறந்ததை 2017இல் மருத்துவ இதழ் ஒன்று பதிவு செய்தது. அவருக்கு ஏற்கெனவே கல்லீரல் நோய் இருந்தது. கல்லீரல் நோயோ சர்க்கரையோ இருப்பவர்களும், காயம் பட்ட இடமெல்லாம் தடித்த தழும்பாகும் உடல்வாகு கொண்டவர்களும் குத்துவதற்கு முன்பே மருத்துவரைக் கேட்டுவிட வேண்டும்.

சிவப்பு நாளுக்கு நாள் குறையாமல் பரவினால், சீழ் வந்தால், காய்ச்சல் அடித்தால், குத்திய இடத்திலிருந்து செங்கோடு மேலேறினால் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும். சிவப்பு மை உள்ள பகுதி மட்டும் மாதக்கணக்கில் தடித்து அரித்தால் அது ஒவ்வாமையாக இருக்கலாம். தோல் மருத்துவர் பார்க்க வேண்டியது.

பழைய ஊசியில் குத்திவிட்டார்களோ என்ற சந்தேகம் வந்தால் கூச்சப்பட நேரமில்லை. எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும். அரசு மருத்துவமனை நம்பிக்கை மையத்தில் பரிசோதனை இலவசம், பெயர் வெளியே வராது. 1097 என்ற எண்ணில் ஆலோசனையும் கிடைக்கும். மஞ்சள் காமாலை பி வகைக்குத் தடுப்பூசி இருக்கிறது. குத்தும் முன்பே போட்டுக்கொண்டால் ஒரு கவலை விட்டது.

கடைகளின் நிலை என்ன? 2024 டிசம்பரில் திருச்சியில் ஒரு டாட்டூ கடையில் நாக்கைப் பிளக்கும் அறுவையே செய்திருக்கிறார்கள். கடைக்காரர் கைதானார், மாநகராட்சி கடைக்குச் சீல் வைத்தது. கர்நாடக அரசு 2025இல் டாட்டூ மைகளைச் சோதித்தபோது 22 வகை உலோகங்கள் இருந்ததாகச் சொன்னது. கண்காணிப்பு இவ்வளவு தளர்ந்து கிடக்கும்போது, வாடிக்கையாளர்தான் கண்ணைத் திறந்து வைத்திருக்க வேண்டியிருக்கிறது. ஊசி உறையை எதிரிலேயே பிரிக்கச் சொல்வதும், மையைப் புதிய சிறு கிண்ணத்தில் ஊற்றச் சொல்வதும், மறுத்தால் எழுந்து வந்துவிடுவதும் அவர் உரிமை.

காசு வாங்கிச் செய்யும் சேவை என்பதால் 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் டாட்டூ கடைக்கும் பொருந்தும். முதலில் 1915 என்ற எண்ணில் புகார் சொல்லலாம். தீரவில்லை என்றால், இரண்டு ஆண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். கொடுத்த தொகை ஐந்து லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் கிடையாது. அங்கே பேசப்போவது ரசீதும், நாள்வாரியாக எடுத்த படங்களும், மருத்துவர் சீட்டும். ஜி-பேயில் பணம் போட்டுவிட்டு ரசீது வாங்காமல் வருகிறவர்கள்தான் அதிகம். அந்த ரசீதில் தேதியோடு மையின் பெயரையும் பாட்டிலில் உள்ள பேட்ச் எண்ணையும் எழுதி வாங்க வேண்டும். தேதிக்கு இன்னொரு வேலையும் உண்டு: தேசிய அளவிலான 2017 வழிகாட்டுதல்படி, டாட்டூ போட்டவர் அடுத்த 12 மாதம் ரத்ததானம் செய்யக் கூடாது. முகாமில் கேட்கும்போது சொல்வதற்கு அந்த ரசீது கையில் இருக்கும்.